ஒன்பது நாள் பிந்திப் பிறந்த பிள்ளை

யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியிலிருந்து ஒரு தாய் ஏழு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு ஒரே மகன். வயது நான்கும் மூன்று மாதமும். தாய் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வந்து போவார். வீட்டில் மாமியும் இருக்கிறார். மகன் காலையில் முன்பள்ளிக்குப் போகிறான். இந்த ஜனவரி தொடக்கம் வாரத்தில் நான்கு நாட்கள், பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஒரு ரீச்சர் வீட்டில் ரியூஷனும், சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பும் நடக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒருநாள் தொலைபேசியில், "இங்க பிள்ளையள் நாலு வயசில பள்ளிக்கூடம் போகுதுகள், உவனுக்கும் ஒரு ஹெட் ஸ்டார்ட் குடுக்க வேணும், இல்லாட்டி பின்னுக்கு நிண்டிடுவான்" என்று சொன்னதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று எழுதுகிறார்.

இரண்டு மாதங்களாக மகன் மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான். மூன்று மணி நெருங்கினால் வயிற்றுவலி என்கிறான். நகம் கடிக்கிறான். மூன்று என்ற இலக்கத்தைத் திருப்பி எழுதுகிறான். அதற்காக ரீச்சர் இரண்டு முறை அடிமட்டத்தால் விரலில் தட்டியிருக்கிறார். பென்சில்கள் அடிக்கடி காணாமற் போயின. கேட்டால் தெரியாது என்பான். ஒருநாள் கிணற்றடி வாழைகளுக்கிடையே ஐந்து பென்சில்கள் மண்ணில் நட்டிருப்பதைத் தாய் கண்டார். வரிசையாக நட்டு, தண்ணீரும் ஊற்றியிருந்தான். ஏனென்று கேட்டதற்கு, "வளரட்டும்" என்றானாம்.

இதற்கிடையில் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. மகன் பிறந்தது பெப்ரவரி 9. தரம் 1க்குச் சேர்க்கப்படும் ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதால், ஒன்பதே ஒன்பது நாளில் அவனுக்கு ஓர் ஆண்டு போய்விடுகிறது. சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, பிறந்த திகதியை ஜனவரி 28 ஆக்கிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? ரியூஷனைத் தொடரலாமா? மகன் சோம்பேறியா, பொய் சொல்லப் பழகிவிட்டானா, அல்லது மூளையில் ஏதும் குறைபாடா? இவையே அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு மையில், ஒரு பந்தி இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே இங்கே சொல்வது கடிதத்தை வாசித்த ஒரு குழந்தை நல வைத்தியரின் கருத்து மட்டுமே. ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் இரவில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மீண்டும் நனைக்கத் தொடங்கினால், மனவருத்தம்தான் காரணம் என்று நாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அரிதாக நீரிழிவு ஆகியவையும் இப்படி வெளிப்படுவதுண்டு. அதிகம் தண்ணீர் கேட்கிறானா, நிறை குறைந்திருக்கிறதா, மலம் இறுகிப் போகிறதா என்று கவனியுங்கள். இந்த வாரத்துக்குள்ளேயே சிறுநீரைப் பரிசோதித்து, சீனியும் தொற்றும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தாகம் அதிகமாகி நிறையும் குறைந்திருந்தால் வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுவலி மூன்று மணிக்கு மட்டும் வந்து, ரியூஷன் இல்லாத நாட்களில் வராமல் இருந்தால் அதன் காரணம் ஓரளவு தெளிவு. ஆனாலும் வயிற்றை ஒருமுறை கைவைத்துப் பார்ப்பது வைத்தியரின் கடமை.

பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால், நனைப்பதற்காக அவனைக் கண்டிக்கவும் வேண்டாம், அவன் கேட்க மற்றவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். ஐந்து வயதுக்கு முன் படுக்கை நனைவதை மருத்துவம் ஒரு நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை.

குதிரையின் தலை

மச்சாள் சொன்ன 'ஹெட் ஸ்டார்ட்' என்ற ஆங்கிலச் சொற்றொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். உங்கள் வீட்டில் இப்போது நேர அட்டவணை போடுவது அந்தச் சொற்றொடர்தான். அது குதிரைப் பந்தயத் திடலிலிருந்து வந்தது என்பார்கள்: ஒரு குதிரை மற்றதைவிடத் தலையளவு முன்னே நின்று ஓடத் தொடங்குவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் பதிவான சொல். அந்தக் காலத்து ஓட்டப் போட்டிகளில் முன்னே நிற்கும் இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வேகம் குறைந்தவனைச் சில யார் முன்னே நிறுத்திவிட்டு, வேகமானவனைக் கோட்டில் நிறுத்துவார்கள். ஒழுங்கையில் ஓடிப் பிடிக்கும்போது பெரியண்ணன் சின்னத்தம்பிக்கு இரண்டு வேலிக்கம்பம் விட்டுக்கொடுப்பது போல. ஆக, முன்தொடக்கம் என்பது பின்தங்கியவனுக்குக் கொடுக்கப்பட்ட ஈடு.

இதே பெயரில் ஒரு பெரும் திட்டமும் உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வறுமைக்கு எதிராக அறிவித்த போரின் ஒரு பகுதியாக, 1965ஆம் ஆண்டு கோடையில், எட்டு வாரத் திட்டமாகத் தொடங்கி அரை மில்லியனுக்கும் அதிகமான வறிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை நம்மவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. சாப்பாடு, தடுப்பூசி, பல் பார்ப்பது, உடல் பரிசோதனை, பெற்றோரையும் வகுப்புக்கு அழைப்பது, இவற்றோடு விளையாட்டும் கதையும். வீட்டில் புத்தகமும் இல்லை, பாலும் இல்லை, வைத்தியரைக் கண்டதும் இல்லை என்ற நிலையிலிருந்த பிள்ளைகளைக் கோட்டுக்குக் கொண்டுவரும் முயற்சியாகத்தான் அதைத் தொடங்கினார்கள். கோட்டில் நிற்பவனை இன்னும் பத்தடி முன்னே தள்ளும் எண்ணம் அதில் இருக்கவில்லை.

அதன் பலனும் மச்சாள் நினைப்பது போல நேர்கோடாக வரவில்லை. நான்கு ஆண்டு கழித்து 1969இல் வெளியான மதிப்பீடு, பரீட்சைப் புள்ளிகளில் கிடைத்த முன்னிலை ஆரம்ப வகுப்புகளிலேயே கரைந்து போகிறது என்றது. பெரிய ஏமாற்றம். ஆனால் அதே காலத்தில், மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்ரி என்ற ஊரில், 1962க்கும் 1967க்கும் இடையில், 123 வறிய பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் நல்ல முன்பள்ளி கொடுத்துப் பார்த்த இன்னொரு முயற்சி இருந்தது. ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே போய்த் தாய்மாரோடு பேசினார்கள். அங்கும் அறிவுத்திறன் புள்ளிகளில் இருந்த முன்னிலை சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. ஆய்வாளர்களோ அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது வரை விடாமல் தொடர்ந்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களில் அதிகம் பேர் உயர்பள்ளியை முடித்திருந்தார்கள், அதிகம் உழைத்தார்கள், குறைவாகச் சிறை சென்றார்கள். எழுத்து முந்தியது நிலைக்கவில்லை. திட்டமிட்டு விளையாடவும், பொறுத்திருக்கவும், தொடங்கியதை முடிக்கவும், பெரியவர்களை நம்பவும் பழகியதே நிலைத்தது என்பதுதான் அந்தத் தரவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பலரும் வந்தடைந்த விளக்கம்.

இதை நம் ஊரோடு பொருத்திப் பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் இப்படித்தான் பிறந்தது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு 1940களில், கிராமத்து வறிய பிள்ளைக்கு மத்திய கல்லூரியின் கதவைத் திறப்பதற்காக வந்த உதவி அது. இன்று அந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய முன்பள்ளிப் பிள்ளைகளுக்கே வகுப்பு வைக்கிறோம் என்றால், உதவி எப்போது போட்டியாக மாறியது என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இது உங்களைக் குறை சொல்லும் கேள்வி அல்ல. அந்தக் கூட்டத்தில் வைத்தியர்களின் பிள்ளைகளே முன்வரிசையில் இருக்கிறார்கள்.

ரொறன்ரோ பற்றியும் ஒன்று. அங்கே நான்கு வயதில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது உண்மைதான். ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தில் நான்கு வயதிலும் ஐந்து வயதிலும் அவர்கள் போவது, அரசின் 2016ஆம் ஆண்டுப் பாடத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றல் என்று வகுத்த பாலர் வகுப்புக்கு. மண்ணும் தண்ணீரும் கட்டைகளும் தான் பாடம். முதலாம் வகுப்பு, பிள்ளைக்கு ஆறு வயதாகும் ஆண்டின் செப்டெம்பரில் தொடங்கும். உங்கள் மகன் அங்கே பிறந்திருந்தால் ஆறு வயதும் ஏழு மாதமும் ஆகும்போதுதான் முதலாம் வகுப்பில் கால் வைத்திருப்பான். பின்லாந்தில் இன்னும் பிந்தி, ஏழு வயதாகும் ஆண்டில்தான் பாடசாலை. நியூசிலாந்தில் ஒற்றாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, பதினொரு வயதளவில் வாசிப்புத் திறனில் இரு பகுதியினருக்கும் வேறுபாடு காணவில்லை. மச்சாளோடு வாதாட வேண்டாம். அடுத்த முறை பேசும்போது, அவருடைய பிள்ளைகள் நான்கு வயதில் வகுப்பில் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பென்சிலும் விரலும்

நான்கு வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால், பெரியவர்களின் மணிக்கட்டில் தெரியும் எட்டுச் சிற்றெலும்புகளில் ஏறக்குறைய பாதிதான் படத்தில் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அதனால் எழுத முடியாது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன். வழக்கமாக ஒரு பிள்ளை மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கு வயதளவில் சிலுவைக் குறியையும், நாலரையில் சதுரத்தையும், ஐந்தை நெருங்கும்போது முக்கோணத்தையும் பார்த்து வரையும். இப்போது ஒரு தாளில் நீங்களே 'அ' எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து இறங்கி வளைந்து திரும்பும் ஒரு கோடு, குறுக்கே ஓடி முடிவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பு. முக்கோணம் வரைய இன்னும் பல மாதம் இருக்கிற பிள்ளையிடம் அதை இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். ஏடு தொடக்கும் அன்று ஐயர் மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் ஒரே ஒரு 'அ' எழுதுவிப்பதில் நம் முன்னோருக்கு இருந்த அளவறிவு, இரட்டைக் கோட்டுக் கொப்பியில் நமக்கு இல்லாமற் போய்விட்டது.

மூன்றைத் திருப்பி எழுதுவது குறைபாடு அல்ல. ஏழு வயது வரை பல பிள்ளைகள் எழுத்துகளையும் இலக்கங்களையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவார்கள். ஒரு கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான் என்று நான்கு வருடமாகக் கற்ற மூளை, இலக்கத்துக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்பதைப் பிடித்துக்கொள்ளக் காலம் எடுக்கும். எழுதுவதை வைத்து இந்த வயதில் கற்றல் குறைபாடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேச்சு தெளிவாக இருக்கிறதா, கதையைத் தொடர்ந்து கேட்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா என்பவைதான் இப்போது பார்க்க வேண்டியவை. கடிதத்தின்படி இவற்றில் ஒன்றிலும் குறை தெரியவில்லை. மனம் ஆறவில்லையென்றால் காதையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதிக்கலாம்.

அடிமட்டம் பற்றி நீங்கள் "கண்டிப்பும் வேண்டும்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு விடயத்தில் நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ரியூஷன் வீட்டின் கதவுக்குப் பின்னால் அது சரியாகிவிடாது. திருப்பி எழுதியதற்காக அடிபடும் பிள்ளை, மூன்றை நேராக எழுதக் கற்பதற்கு முன் எழுத்துக்கே பயப்படக் கற்றுவிடுகிறது. இன்னொரு முறை கை நீண்டால் ரீச்சரிடம் நேரடியாகச் சொல்லிவிட்டு அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கவும் எந்தப் பெற்றோருக்கும் உரிமை உண்டு.

நட்டு வைத்த பென்சில்களுக்கு வருவோம். கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த இடம் அதுதான். அவன் பென்சிலை ஒளித்தானா, விதைத்தானா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாமலிருக்கலாம். வீட்டைச் சுற்றி நட்டதெல்லாம் வளர்வதைப் பார்த்த பிள்ளை, பென்சிலும் மரம் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருக்கிறான். ஐந்தையும் வரிசையாக, இடைவெளி விட்டு, ஒன்றும் குறையாமல் நட்டிருக்கிறான் என்பதில் கணிதமும் இருக்கிறது. "தெரியாது" என்று சொன்னதைப் பொய் என்று எடுக்காதீர்கள். நான்கு வயதில் பயம் வந்தால் முதலில் வாயில் வரும் சொல் அது. வகுப்பில் திருப்பி எழுதுகிறான், வாழையடியில் ஆராய்ச்சி செய்கிறான் என்றால், எந்த இடத்தில் அவனுடைய மூளை வேலை செய்ய அனுமதி பெறுகிறது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

சத்தியக் கடதாசி

பிறந்த திகதியை மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி அல்ல. ஆயினும் இதற்கு விடை சொல்லச் சட்டப் படிப்புத் தேவையில்லை. பிறப்புப் பதிவில் உண்மையாகவே பிழை இருந்தால் அதைத் திருத்த முறையான வழி உண்டு. உண்மையான திகதியைப் பொய்யான திகதியாக்குவதற்கு வழி கிடையாது. அது சமாதான நீதவான் முன் பொய்ச் சத்தியம் செய்வதிலும், பொதுப் பதிவேட்டில் பொய்த் தகவல் புகுத்துவதிலும் முடியும், இரண்டுமே குற்றம். உறவினர் ஆலோசனை மட்டும்தான் சொல்கிறார். கையெழுத்து வைப்பது நீங்கள், அரச உத்தியோகமும் உங்களுடையது. வைத்தியசாலையின் பிரசவப் பதிவிலும், கிளினிக்கில் தந்த பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டின் முதற் பக்கத்திலும் பெப்ரவரி 9 என்றே இருக்கிறது. அவற்றை யாரும் திருத்தப் போவதில்லை. பிள்ளை வளர்ந்து தேசிய அடையாள அட்டை எடுக்கும்போது, பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தான் என்பதும் இலக்கங்களாகவே அட்டையில் ஏறும். அவனுக்கு உரியது 040. அதை 028 ஆக்கினால், கடவுச்சீட்டு, பரீட்சைச் சான்றிதழ், வேலை, ஓய்வூதியம் என்று வாழ்நாள் முழுவதும் அவன் ஒரு பொய்யைச் சுமந்து திரிய வேண்டும். பள்ளிக்கூட வயது வேறு, சாதக வயது வேறு என்று இரண்டு வயதோடு வாழ்ந்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள்தான். அந்தக் காலத்தில் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், இந்த மாற்றம் உங்கள் நோக்கத்துக்கே எதிரானது. தயவுசெய்து இந்தப் பந்தியை உங்கள் கணவரும் வாசிக்கட்டும்.

திகதியை மாற்றினால் வரும் ஜனவரியில், உண்மையில் இன்னும் ஐந்து வயதாகாத நிலையில், அவன் தரம் 1க்குப் போவான். வகுப்பிலேயே ஆக இளையவன் அவனாக இருப்பான். மாற்றாமல் விட்டால் அதற்கடுத்த ஆண்டு, ஐந்து வயதும் பதினொரு மாதமுமாகப் போவான். வகுப்பில் ஆக மூத்தவர்களில் ஒருவனாக இருப்பான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது அதன் வாழ்நாளில் ஐந்திலொரு பங்கு. பேச்சிலும், கைத்திறனிலும், அடங்கியிருப்பதிலும் அந்த இடைவெளி பெரிது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஆரம்ப வகுப்புகளில் மூத்த பிள்ளைகளே புள்ளிகளில் முந்துகிறார்கள் என்று காட்டுகின்றன. அந்த முன்னிலை வகுப்பு ஏற ஏறக் குறையும், ஆனால் தொடக்கத்தில் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் செப்டெம்பர் 1ஐ எல்லையாக வைத்த மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பில் இளையவர்களானவர்களையும் செப்டெம்பரில் பிறந்து மூத்தவர்களானவர்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், கவனக்குறைவு நோய் என்ற முத்திரை இளையவர்களுக்கே மூன்றிலொரு பங்கு அதிகமாக விழுந்திருந்தது. ஒரு மாத வித்தியாசம்தான். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இருந்தது நோயல்ல, வயது போதாமை. சட்டமும் நாட்காட்டியும் உங்கள் மகனுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் முன்தொடக்கம் இந்த ஒன்பது நாள். அதைப் பணம் கொடுத்து நீக்கிவிடலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நம் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டியில் துவக்குச் சத்தத்துக்கு முன் ஓடியவனுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வேறு மையில் எழுதிய பந்தி

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது உங்களுக்கு ஐந்து வயது. அடுத்த ஜனவரியில் நீங்கள் தொடங்க வேண்டிய முதலாம் வகுப்பு, தென்மராட்சியிலும் பிறகு வன்னியிலும், மரத்தடியிலும் தறப்பாளின் கீழும் சிதறிப் போனது. "எனக்கு ஒரு வருசம் இல்லாமல் போனது, அதை நான் இண்டைக்கும் எட்டிப் பிடிக்கேல்லை, மகனுக்கும் ஒரு வருசம் போறதை என்னால பாக்க ஏலாது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதை வாசித்த பிறகுதான் மற்ற ஆறு பக்கங்களும் எனக்கு விளங்கின. அந்த ஆண்டு உங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பசியும் பயமும் இடப்பெயர்வும் நிறைந்த ஆண்டு அது. பின்னால் நின்றது போன்ற உணர்வு இன்றுவரை இருப்பதில் வியப்பில்லை. உங்கள் மகனுக்குக் கிடைக்கப்போகும் ஆண்டு அப்படிப்பட்டதல்ல. அதே வீடு, அதே கிணற்றடி, இரவில் அப்பம்மா, காலையில் நீங்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் ஒன்பது நாள் உங்களுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பழைய ஆண்டைப் பற்றி யாரிடமாவது ஆறுதலாகப் பேச விரும்பினால் யாழ். போதனா வைத்தியசாலையின் மனநல சிகிச்சைப் பிரிவுக்குத் தயங்காமல் போகலாம். இரவு நேரத்தில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. இது உங்களுக்காகச் சொல்வது, மகனுக்காக அல்ல.

இனிச் செய்யக்கூடியவை

ரியூஷனை நிறுத்துங்கள். குறைப்பதா, ரீச்சரை மாற்றுவதா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். அவனுக்கு முன்பள்ளி போதும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று கேட்டிருந்தீர்கள். பழமொழியே ஐந்து என்றுதான் சொல்கிறது, அவனுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. வகுப்பில் தொடர்ந்தால் அவன் கொஞ்சம் முந்தி எழுதக்கூடும் என்பது உண்மை. தரம் 1இல் முதல் இரண்டு தவணை அது தெரியும். அதற்கு விலையாக எழுத்தின் மீது வெறுப்பும், நனைந்த படுக்கையும், விரலில் பயமும் வந்திருக்கின்றன. என் கணக்கில் இது நட்டம்.

சனிக்கிழமை ஆங்கில வகுப்பு பாட்டும் விளையாட்டுமாக இருந்து, அவனும் விரும்பிப் போனால், இருக்கட்டும். ஆனால் வீட்டில் உங்களுக்கு வசப்படாத ஆங்கிலத்தில் அவனோடு பேசுவதை விட்டுவிடுங்கள். பிள்ளையின் மொழி, பேசுபவருக்குச் சரளமாக வருகிற மொழியில்தான் தழைக்கும்.

மாமியைப் பற்றி, "படிப்பறிவில்லாதவ, விடு பிள்ளை விளையாடட்டும் எண்டு சொல்லிப் பழுதாக்கிறா" என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு வழக்கில் நான் மாமியின் பக்கம். இரவில் விளக்கணைத்த பிறகு அவர் சொல்லும் கதைகளில் அவன் குறுக்கே கேள்வி கேட்பதாகவும், மறுநாள் அதையே மாற்றிச் சொல்வதாகவும் நீங்களே குறிப்பிடுகிறீர்கள். சொல்வளமும் நினைவாற்றலும் காரணகாரியமும் அந்தப் பாயில்தான் வளர்கின்றன. கதைக்கு நடுவில் நிறுத்தி, "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று அவனிடம் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி இந்த வயதில் நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர நித்திரையும், மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். தொலைபேசித் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மணிக்கு ரியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போன பிள்ளையின் பகல் நித்திரையும் போயிருக்கும். அதை முதலில் திருப்பிக் கொடுங்கள். கைக்கு வேலை வேண்டுமென்றால் ரொட்டி மா பிசையட்டும், பயறு பொறுக்கட்டும், மாலை கட்டும்போது பூவை எடுத்துத் தரட்டும், முற்றத்து மணலில் குச்சியால் கீறட்டும். பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல்கள் இவையேதான். பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும் என்று அவனாகக் கேட்கும் நாள் வரும், அன்றைக்குக் காட்டிக்கொடுங்கள்.

ரீச்சரிடம் வகுப்பை நிறுத்துவதாகச் சொல்லும்போது மகனின் குறைகளைக் காரணம் காட்ட வேண்டாம். அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். வைத்தியர் சொல்லிவிட்டார் என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள், எனக்கு அது பழக்கம். தரம் 1 விண்ணப்பத்துக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. உண்மையான பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் வதிவிடச் சான்றுகளையும் இப்போதே ஒரு கோவையில் எடுத்து வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

நிறுத்திய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை பொறுத்துப் பாருங்கள். படுக்கை நனைவதும் நகம் கடிப்பதும் குறையாவிட்டால், அல்லது புதிதாக யாரைக் கண்டும் பயப்படத் தொடங்கினால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் குழந்தை மனநலக் கிளினிக் ஒன்றுக்குக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள்.

வாழையடியில் இருக்கும் பென்சில்களை நீங்கள் பிடுங்கியிருக்காவிட்டால், அப்படியே விடுங்கள். ஒன்றையாவது அவனே தோண்டி எடுத்துப் பார்த்து, ஏன் வேர் விடவில்லை என்று உங்களிடம் கேட்கட்டும். சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு கிடைத்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.